எதுக்கும் ஒரு தடவை

ஜூன் 9, திங்கள்

இன்று கோர்ட்டில் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்துவிட்டது. நாற்காலியும் என் சேலையின் பின்பக்கமும் நனைந்துவிட்டன. நீதிபதி ஐயா தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் மேடைக்குக் கீழே உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். ஐயா எழுந்து சேம்பருக்குள் போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. பெஞ்ச் கிளார்க் சுடலையாண்டி அண்ணன், "ஸ்டெனோம்மா, சாப்பிடப் போகலியா?" என்று கேட்டார். பாட்டில் கவிழ்ந்துட்டு அண்ணே என்றேன். அவர் தரையைப் பார்த்தார். ஸ்டாண்டு ஃபேனை இழுத்து என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து சேலையை இரண்டு தடவை டெட்டால் ஊற்றி அலசிக் காயப்போட்டேன். நிறைமதிக்குக் கீழ்வரிசையில் இன்னொரு பல் எட்டிப்பார்க்கிறது. பதினான்கு மாதத்துக்கு இது சரிதானா என்று தெரியவில்லை. போன வாரம் எதிர்வீட்டுக் குழந்தைக்குப் பல் எண்ணிப் பார்த்தேன், ஆறு இருந்தது.

இவர் போர் மோட்டார் இறக்கக் கயத்தாறு பக்கம் போயிருக்கிறார். வர நேரமாகும். கூழுக்குக் கேழ்வரகு ஊறவைக்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

நகல் பிரிவுக்கு மாற்றக் கேட்டு மனு எழுதி, ஆபீஸுக்குத் தலைவரான சிரஸ்தார் சாரிடம் கொடுத்தேன். சங்கரபாண்டியன் சார் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"இந்த சீட்டுக்கு அவனவன் தவம் கெடக்கான். நீங்க ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்துல போய் உக்காரணுங்கிய?"

"அங்க காத்தோட்டமா இருக்கும் சார்."

"காத்துக்காகவாம்மா ரெண்டு பாஷையிலயும் சீனியர் ஷார்ட்ஹேண்டு பாஸ் பண்ணுனிய?"

மாத இறுதியில் மாற்றல் பட்டியல் போடும்போது ஐயாவிடம் வைப்பதாகச் சொன்னார். பட்டியல் ஜூலையில்கூட ஆகலாமாம். ஆகஸ்ட் ஏழாம் தேதி பெரிய பாகப்பிரிவினை வழக்கின் தீர்ப்பு. ஓர் அண்ணன், ஏழு தங்கைகள், பத்தொன்பது சொத்து. இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஐயா சொல்லிக்கொண்டே போவார். அதற்குள் மாற்றல் வந்துவிட்டால் நல்லது.

எனக்கு அந்த நாற்காலி பிடிக்கும். அதையும் எழுதிவிடுகிறேன். ஐயா ஒரு வாக்கியத்தைத் தொடங்கும்போதே அது எங்கே போய் முடியும் என்று என் பென்சிலுக்குத் தெரிந்துவிடும். அந்த இரண்டு மணி நேரம் குழந்தையைப் பற்றிக்கூட நினைப்பு வராது. அதாவது முன்பு வராது.

ஜூன் 12, வியாழன்

காலையிலிருந்து மதியம் ஒன்றரை வரை இரண்டு மிடறு தண்ணீர். உதடு வெடித்திருக்கிறது. வெண்ணெய் தடவினேன்.

ஜூன் 14, சனி

பிரம்மசக்தி மதினி, இவருடைய அக்கா, பக்கத்து வீட்டில் ஜாக்கெட் தைக்கிறாள். நான் கோர்ட்டுக்குப் போனால் நிறைமதி அவளிடம்தான் இருப்பாள். இன்று காலை குழந்தையைப் பார்க்க வந்தவள் திங்கட்கிழமையிலிருந்து கொடியில் கிடந்த சேலையை மோந்து பார்த்தாள். பாட்டில் கதையை அவளிடமும் சொல்லியிருந்தேன்.

"ஏட்டி, பாட்டில் தண்ணி பட்டதுக்கு எவளாச்சும் டெட்டால் போடுவாளா?"

நான் குழந்தைக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த முகத்தையே திரும்பத் துடைத்தேன்.

"சரி, நான் கேக்கல. எனக்குத் தும்முனா ரெண்டு சொட்டு விழும். ரெண்டாவது பய பொறந்ததுலேருந்து அப்படித்தான். உனக்கும் அந்தக் கதையா?"

"தும்முனா ஒண்ணும் ஆகல மதினி. ஆனா வருதுன்னு ஒரு தடவ தோணிட்டா நிக்க முடியல. சாவிய பூட்டுக்குள்ள போட்டாப் போதும், பைப்புல தண்ணி சத்தம் கேட்டாப் போதும்."

"அப்பம் அது வேற, இது வேற." நிறைமதியை இடுப்பில் வாங்கிக்கொண்டாள். "செவ்வாக்கெழம லீவு போடு. பாளையங்கோட்டைல ஒரு டாக்டரம்மா இருக்கா. எம்பிள்ளைக்குப் பாத்தவதான்."

இவருக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். "தெரியாட்டா என்ன, அவனென்ன அதுக்கு மோட்டாரா போடப்போறான்" என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

டாக்டர் ஷமீம் பானு. ஐம்பது வயது இருக்கும். பேசும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுகிறார்.

நான் தயாராகப் போயிருந்தேன். மூன்று நாளாக செல்போனில் தேடிப் படித்து, சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டு அழுத்தம் அளக்கும் பெரிய டெஸ்ட்தான் வேண்டும் என்று முடிவுசெய்திருந்தேன். கட்டி, நரம்பு, கிட்னி என்று எல்லாம் வாசித்தாயிற்று. எல்லா டெஸ்டும் எடுத்துருங்க டாக்டர் என்றேன்.

"எடுக்கலாம். அது கடைசி. மொதல்ல ஒரு சொட்டு, ஒரு ஸ்கேன், ஒரு நோட்டு. இந்த மூணுலயே பெரும்பாலும் தெரிஞ்சுடும். தெரியலேன்னா, மருந்து கொடுத்தும் கேக்கலேன்னா, அப்புறம் குழாய்."

நிறையக் கேட்டார். எத்தனை தடவை போகிறேன், இரவில் எழுந்திருக்கிறேனா, எரிகிறதா, ரத்தம் போகிறதா, கால் மரத்துப்போகிறதா, மலச்சிக்கல் உண்டா, பிரசவம் எப்படி, இன்னும் பால் கொடுக்கிறேனா. படுக்கவைத்துப் பார்த்தார். இருமச் சொன்னார். நன்றாக, இன்னும் நன்றாக என்றார். ஒன்றும் ஆகவில்லை. "இது இருமுறதால வர்றது இல்ல" என்று சீட்டில் எழுதினார்.

சிறுநீரும் சர்க்கரைக்கு ரத்தமும் கொடுத்தேன். கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு மூன்று நாளாகுமாம்.

பிறகு ஸ்கேன். வெளியே பெஞ்சில் ஏழு பெண்கள் பாட்டில் பாட்டிலாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் முட்டல, இன்னும் முட்டல என்று ஸ்கேன் எடுக்கும் பெண் ஒவ்வொருவரையாகத் திருப்பி அனுப்பினாள். நான் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் போய் நின்றேன்.

"இப்பத்தானக்கா உக்காந்தீங்க?"

"வந்துட்டும்மா. இனிமே முடியாது."

திரையைப் பார்த்துவிட்டு அவள் நூற்றுப்பத்து மில்லி என்றாள். "இதுக்கேவா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். போய்விட்டு வரச்சொல்லித் திரும்பப் பார்த்தாள். மிச்சம் பதினைந்துதான், நல்லா காலியாகுதுக்கா என்றாள். எனக்கு அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியவில்லை. மதினி வெளியே முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள்.

கிளம்பும்போது டாக்டர் ஒரு தாள் கொடுத்தார். மூன்று நாள். எத்தனை மணிக்கு என்ன குடித்தேன், எத்தனை மணிக்குப் போனேன், எவ்வளவு மில்லி, அவசரமா இல்லையா, கசிந்ததா. "இதுவும் டெஸ்ட்தான். ஆனா இத லேப்ல செய்ய முடியாது, நீங்கதான் செய்யணும்" என்றார்.

ஜூன் 20, வெள்ளி

கல்ச்சரில் கிருமி இல்லை. சர்க்கரை இல்லை. ரத்த அணு இல்லை. எல்லாம் இல்லை.

லேபில் இதைச் சொன்ன பையனுக்கு நான் ஏன் சந்தோஷப்படவில்லை என்று புரிந்திருக்காது. கிருமி இருந்திருந்தால் ஐந்து நாள் மாத்திரையோடு போயிருக்கும். இருக்காதா என்றுதான் மூன்று நாளாக வேண்டிக்கொண்டிருந்தேன். குழந்தைக்கு ஊட்டும்போது அழுகை வந்தது. அவள் கூழை என் கன்னத்தில் பூசினாள்.

ஜூன் 21, சனி

இன்று முதல் மூன்று நாள் கணக்கு. நேற்று மாலையே கோடு போட்ட சிவப்பு மக்கு வாங்கி, கைப்பிடியில் கறுப்புக் கயிறு கட்டிக் குளியலறையில் வைத்திருந்தேன். பத்து மணிக்கு இவர் அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து, "புது மக்கு நல்லாருக்கே, அரிசிக்குத் தண்ணி எத்தன கோடு?" என்று கேட்கிறார்.

மக்கைப் பிடுங்கினேன். அதன் பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன், எல்லாம் இல்லை, பாதி. அவர் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகு வந்து, "எத்தன நாளா?" என்று கேட்டார். நிறை பொறந்ததிலேருந்து என்றேன். அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினார். "அதான் அவ்வளவு தூரம் பஸ்ல சொரிமுத்தையனார் கோயிலுக்கு வரமாட்டேன்னியா" என்றார்.

குறிப்பைத் தாளில் எழுதவில்லை. கோர்ட் ரஃப் நோட்டில் சுருக்கெழுத்தில்தான் குறிக்கிறேன். அதை இந்த வீட்டில் யாரும் படிக்க முடியாது.

ஜூன் 22, ஞாயிறு

நேற்று ராத்திரி நிறைமதி எழுந்திருக்கவே இல்லை. அவள் பிறந்ததிலிருந்து நான் ஏழு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கிய முதல் இரவு. விடிந்ததும் மூச்சு விடுகிறாளா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன்.

காலையில் மக்கில் ஏதோ தப்பு. கோடு ஏறிப்போய் நின்றது. சாய்வாகப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது.

ஜூன் 23, திங்கள்

மக்கைச் சாப்பாட்டுப் பையில் துணி சுற்றிக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனேன். சாட்சி விசாரணைதான், எழுந்துபோக முடிந்தது. இன்றைக்கு வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

ஜூன் 24, செவ்வாய்

எல்லோரும் தூங்கியாயிற்று. நாளை டாக்டரிடம் கொடுக்க ஃபேர் காப்பி எடுத்தேன். சுருக்கெழுத்தை அப்படியே யாரிடமும் கொடுக்க முடியாது. கோர்ட்டிலும் அப்படித்தானே. ஐயா தும்முவார், நடுவில் காப்பி கேட்பார், ஒரே வாக்கியத்தை இரண்டு விதமாகச் சொல்வார். அதையெல்லாம் எடுத்துவிட்டு ஒழுங்காகத் தட்டச்சு செய்வதுதான் வேலை.

கறுப்புப் பேனாவில் அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டேன். மில்லியை முழு எண்ணாக்கினேன். சின்னச் சின்னதாக இருந்த இரண்டு மூன்றை ஒன்றாகச் சேர்த்தேன். ஞாயிறு காலை எண் தப்பாக இருந்ததால் 250 என்று திருத்தினேன். பார்க்க நன்றாக இருந்தது.

ஜூன் 25, புதன்

டாக்டர் என் தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"கையெழுத்து அழகா இருக்கு. என்ன வேலை பாக்கறீங்க?"

"கோர்ட்ல ஸ்டெனோ டாக்டர்."

"அதான். ஆறு மணி, எட்டு மணி, பத்து மணி. எரநூறு, எரநூத்தம்பது, எரநூறு. எந்த மனுஷிக்கும்மா மணியடிச்சாப்ல வரும்? மூணு நாளும் ஒரே பேனா. ஒரு அடிச்சல் இல்ல, ஒரு ஈரக் கறை இல்ல." தாளை என் பக்கம் நகர்த்தினார். "இது ஃபேர் காப்பி. எனக்கு ரஃப் நோட்டுதான் வேணும்."

"அது சுருக்கெழுத்துல இருக்கு டாக்டர்."

"இருக்கட்டுமே. வாசிச்சுக் காட்டுங்க."

கோர்ட்டில் நூறு தடவை வாசித்திருக்கிறேன். ஐயா எங்கே விட்டோம் என்று கேட்டால், கடைசிப் பத்தியைக் குரல் நடுங்காமல் வாசிப்பேன். வேறு யாரோ சொன்னதுதானே அது. பையிலிருந்து நோட்டை எடுத்தேன். மதினி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளை வெளியே போகச் சொல்லலாமா என்று நினைத்தேன். அவள் தானாகவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "டாக்டரம்மா, மீன் தொட்டி எங்கன இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து போனாள்.

வாசித்தேன்.

"சனிக்கிழமை. ஆறு அஞ்சு, நூத்திநாப்பது. ஆறு நாப்பது, எதுக்கும், நாப்பது. ஏழு பத்து, பால்காரர் வர்றதுக்கு முன்னால, எதுக்கும், முப்பத்தஞ்சு. ஏழு முப்பது, காப்பி. எட்டு மணி, அவசரம், தொண்ணூறு. எட்டே கால், குழந்தைய குளிப்பாட்டுறதுக்கு முன்னால, எதுக்கும், இருபது."

"நில்லுங்க. அது என்ன, எதுக்கும்?"

"வரல டாக்டர். ஆனா எதுக்கும் ஒரு தடவ போய்ட்டு வந்துருவோம்னு."

டாக்டர் சிரித்துவிட்டார். பேனாவை எடுத்துத் தன் தாளில் மூன்று கோடு போட்டார். "எங்க வீட்ல ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் எங்கம்மா வாசல்ல நின்னு சொல்ற வார்த்தை. மேல வாசிங்க. எதுக்கும் வந்தா நான் கோடு போடுறேன்."

மூன்று நாளையும் வாசித்தேன். சாவி பூட்டில் இருந்தது, கசிவு. பாத்திரம் கழுவக் குழாய் திறந்தது, கசிவு. கோர்ட்டில் பதினொன்று இருபது, பாதி வழியில், கசிவு. ஃபேர் காப்பியில் அந்தக் கட்டத்தில் மூன்று நாளும் பூஜ்யம் போட்டிருந்தேன். தண்ணீர் இரண்டு லிட்டர் என்று எழுதியிருந்தேன். நோட்டில் பகல் முழுக்கச் சேர்ந்தும் அரை லிட்டர் வரவில்லை, காப்பி நாலு டம்ளர், டீ இரண்டு.

ஞாயிறு காலை வந்தது. "அஞ்சு ஐம்பது, முந்நூத்தியெழுபது. இது தப்பு டாக்டர், மக்கு சாஞ்சிருக்கும். அதான் ஃபேர்ல மாத்திட்டேன்."

"எவ்வளவுன்னு மாத்துனீங்க?"

"எரநூத்தம்பது."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "செண்பகவல்லி, இந்த மூணு நாள்லயே நல்ல சேதி இந்த ஒரு எண்தான். அதப் போய் அடிச்சிருக்கீங்க. முந்தின நாள் ராத்திரி எத்தன மணி நேரம் தூங்குனீங்க?"

"ஏழு."

"ஏழு மணி நேரம் முந்நூத்தியெழுபத வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்த பை இது. அதுக்குப் பிடிக்கத் தெரியும். பகல்ல நாப்பதுக்கும் முப்பதுக்கும் நீங்க கூட்டிட்டுப் போய்ப் போய், கொஞ்சம் சேர்ந்தாலே கத்தணும்னு அது பழகிடுச்சு. நான் போட்ட கோட்ட எண்ணுங்க."

எண்ணினேன். மூன்று நாளில் நாற்பத்தோரு தடவை. அதில் இருபத்து மூன்று எதுக்கும்.

கிருமி இல்லை, சர்க்கரை இல்லை, மிச்சம் தங்கவில்லை, இருமினால் கசியவில்லை, நோட்டு இப்படிச் சொல்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பெயர் வைக்கிறோம், ஒரு டெஸ்டை வைத்து அல்ல என்றார். மிகைச் செயல்பாட்டுச் சிறுநீர்ப்பை. எழுதிக்கொண்டேன். கட்டி, நரம்பு எதற்கும் அடையாளம் இல்லையாம். குழாய் டெஸ்ட் இப்போது வேண்டாமாம். பால் கொடுப்பதால் மாத்திரையும் இப்போதைக்கு வேண்டாம், முதலில் பழக்கிப் பார்ப்போம் என்றார்.

"வேலை செய்யுற இடத்துல பெருசா எதுவும் ஆச்சா?"

ஜூன் ஒன்பது என்றேன்.

இந்த டைரியிலும் அன்றைக்குப் பாட்டில் என்றுதான் எழுதியிருக்கிறேன். காலையிலிருந்து நான் தண்ணீரே குடிக்கவில்லை. பாட்டில் காலியாக என் பைக்குள் இருந்தது. சுடலையாண்டி அண்ணன் தரையில் பாட்டிலைத் தேடியிருப்பார். நகல் பிரிவுக்கு மனு போட்டதும் காற்றுக்காக இல்லை. பெண்கள் கழிப்பறை அந்த அறையை ஒட்டி இருக்கிறது, என் நாற்காலியிலிருந்து தொண்ணூற்றிரண்டு அடி.

ஜூன் 26, வியாழன்

இவரிடம் மீதிப் பாதியையும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"டேங்க்கு நல்லாத்தான் இருக்கு. உள்ள தொங்குற சென்சாருதான் கால் டேங்க்குக்கே நெறஞ்சுட்டு நெறஞ்சுட்டுன்னு கத்துது. அப்படித்தான?"

"அப்படித்தான்."

"அதுக்கு டேங்க்க மாத்துவாங்களா? வயர கொஞ்சம் ஏத்திக் கட்டுனா சரியாப் போவும்." கை கழுவ எழுந்தவர் குழாயைத் திறக்காமல் நின்றார். "சத்தம் கேட்டா ஒனக்குப் பிரச்சினையா? நான் கொல்லையில கழுவிக்கிடுதேன்."

ஜூலை 3, வியாழன்

தோன்றியதும் ஓடக் கூடாது. நிற்க வேண்டும், அல்லது உட்கார வேண்டும். கீழே உள்ள தசையை வெடுக்கென்று ஐந்தாறு தடவை இறுக்கி விட வேண்டும். அலை இறங்கிய பிறகு நடக்க வேண்டும். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் இடைவெளியை வாரம் கால் மணி நேரமாகக் கூட்ட வேண்டும். தண்ணீர் நாள் முழுக்கப் பிரித்துக் குடிக்க வேண்டும். காப்பி ஒன்று.

எழுத எளிதாக இருக்கிறது. இன்று ஒரு மணி நேரம் என்பது இலக்கு. நாற்பத்தைந்தாவது நிமிடம் அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிறைமதி என் காலைக் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே தன் வேலையை முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஜூலை 4, வெள்ளி

ஒரு மணி ஐந்து நிமிடம்.

ஜூலை 13, ஞாயிறு

திருச்செந்தூரில் கல்யாணம். வேன் கிளம்பும்போது மதினி படியில் நின்று, "எல்லாரும் எதுக்கும் ஒரு தடவ போய்ட்டு வந்துருங்க" என்று கத்தினாள். கத்தி முடித்ததும் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பதினோரு பேர் வரிசையாகப் போனார்கள். நான் வேனிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணி பத்து நிமிடத்தில் ஏரல் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து நாலு பேர் இறங்கினார்கள்.

ஜூலை 18, வெள்ளி

சரியில்லை. மூன்று நாளாக நிறைக்குக் காய்ச்சல், தூக்கம் இல்லை, காப்பி மூன்று. சாவி பூட்டில் இருக்கும்போதே போய்விட்டது. வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இருபது நாள் உழைப்பு.

நோட்டில் குறித்தேன். 6.12, சாவி, கசிவு, நிறைய. நிறைய என்ற சொல்லைக் கொஞ்சம் என்று மாற்றத் தோன்றியது. மாற்றவில்லை.

ஜூலை 28, திங்கள்

டாக்டரிடம் இரண்டாவது தடவை மூன்று நாள் கணக்கை வாசித்தேன். இருபத்தாறு தடவை. எதுக்கும் மூன்று. கசிவு ஒன்று. பகலில் அதிகபட்சம் இருநூற்றுப் பத்து.

"நடுவுல ஏதாவது சறுக்குச்சா?" என்று கேட்டார். முன்பக்கம் புரட்டிப் பதினெட்டாம் தேதியையும் வாசித்தேன். தலையாட்டினார். "காய்ச்சல், தூக்கமில்ல, காப்பி. காரணம் பக்கத்துலயே எழுதியிருக்கு. இதுக்குப் போய் பயப்படுவாங்களா?"

"ரெண்டு மணி நேரம் எழுந்திரிக்காம உக்காரணும் டாக்டர். ஆகஸ்ட் ஏழு."

"ஏன் எழுந்திரிக்கக் கூடாது?"

"ஐயா தீர்ப்பு சொல்லும்போது யாரும் எழுந்திரிக்க மாட்டாங்க."

"கேட்டுப் பாத்திருக்கீங்களா?"

கேட்டதில்லை. யாரும் கேட்டு நான் பார்த்ததும் இல்லை.

ஜூலை 30, புதன்

நாளை மாற்றல் பட்டியல் ஐயாவிடம் போகிறதாம். மத்தியானம் சங்கரபாண்டியன் சாரிடம் போய் மனுவைத் திருப்பிக் கேட்டேன்.

"காத்து வேண்டாமா?"

"வேண்டாம் சார்."

"யோசிச்சுக்கோங்க. அடுத்த பட்டியல் பொங்கலுக்கப்புறம்தான்."

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். வெளியே வந்ததும் என்ன காரியம் செய்தேன் என்று மனுவைத் திரும்பப் பிரித்துப் பார்த்தேன். இன்னும் எட்டு நாள்.

ஆகஸ்ட் 6, புதன்

பென்சில் ஆறு சீவிவைத்தேன். மாற்றுப் பாவாடை பையில். இவரிடம் சொன்னேன், பயமா இருக்கு என்று. "நானும் வந்து கோர்ட் வாசல்ல நிக்கட்டா?" என்றார். நீங்க நின்னு என்ன செய்யப்போறீங்க என்றேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மத்தியானம் இரண்டரைக்கு ஐயா ஆரம்பித்தார். இரண்டு இருபதுக்குப் போய்விட்டு வந்திருந்தேன். அவசரத்துக்கு அல்ல, எதுக்கும் என்றும் அல்ல, நேரம் வந்திருந்தது. ஏழு தங்கைகளும் பின்வரிசையில் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் தூணோரம் தனியாக நின்றார்.

முதல் சொத்து, இரண்டாம் சொத்து. பென்சில் ஓடியது. மூன்று மணி வரை நினைப்பே இல்லை. மூன்று பதினைந்துக்கு முதல் அலை. பாதத்தைத் தரையில் அழுத்திக்கொண்டேன். இறுக்கி, விட்டு, இறுக்கி, விட்டு. கை எழுதிக்கொண்டிருந்தது, எட்டாம் சொத்து, கிணறு, அதில் பாதிப் பங்கு. இறங்கிவிட்டது. ஒரு சொல் தவறவில்லை.

மூன்று நாற்பத்தெட்டுக்கு இரண்டாவது. அதுவும் இறங்கியது, ஆனால் முழுதாக இறங்கவில்லை. ஐயா அப்போதுதான் பன்னிரண்டாம் சொத்துக்கு வந்திருந்தார். இன்னும் ஏழு இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. என்னால் இன்னும் பத்து நிமிடம் முடியும் என்று தெரிந்தது. முன்பு இது தெரியாது. முன்பு முடியும் என்றும் முடியாது என்றும் ஒரே நேரத்தில் தோன்றும். இப்போது பத்து நிமிடம் என்று திட்டமாகத் தெரிந்தது.

ஐயா ஒரு வாக்கியத்தை முடித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நான் எழுந்து நின்றேன். சுடலையாண்டி அண்ணன் திரும்பிப் பார்த்தார். கோர்ட்டில் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"என்னம்மா?"

"ஐயா, ஒரு பத்து நிமிஷம் வேணும்."

ஐயா என்னைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடியை மேசையில் வைத்தார்.

"தாராளமா," என்றார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "எனக்குச் சுகரும்மா. நீங்க யாராச்சும் கேக்க மாட்டியளான்னு மூணரைலேருந்து பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார். நான் நாற்காலியைத் தள்ளுவதற்குள் அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். கோர்ட் முழுவதும் எழுந்து நின்றது. ஏழு தங்கைகளில் மூன்று பேர் எனக்கு முன்னால் வெளியே போனார்கள்.

தொண்ணூற்றிரண்டு அடியும் நடந்தேன். அந்த மூன்று பேருக்குப் பின்னால் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் போனேன். பாவாடை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஐயா வந்து உட்கார்ந்ததும், பன்னிரண்டாம் சொத்தில் எட்டு பேருக்கும் சமபாகம் என்று ஆரம்பித்தார். ஐந்து ஐந்துக்கு முடித்தார்.

வீட்டு வாசலில் மதினி குழந்தையோடு நின்றாள், இவரும் வேலைக்குப் போகாமல் நின்றார். நடந்ததைச் சொன்னேன். மதினி முழுதும் கேட்டுவிட்டு, "அப்பம் ஒரு பொம்பள எந்திச்சதுக்குக் கோர்ட்டே எந்திச்சுப் போயிருக்கு" என்றாள். இவருக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

நாளையிலிருந்து தட்டச்சு செய்ய எண்பது பக்கம் இருக்கிறது. தூங்கப்போகிறேன்.